மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இதை வாங்கலாமா? 58 சிசி, 22 இன்ச் பார். ஆஃபர் இன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான்." அவன் வீட்டில் இருப்பது ஒரு மாமரம், ஒரு முருங்கை, காம்பவுண்டு ஓரமாக ஒரு வேம்பு, பின்பக்கம் இரண்டு தென்னை. இதற்கு 58 சிசி! "வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். உடனே திருப்பிக் கேட்டான்: "நீங்களே இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தீங்களே மாமா?"

நியாயமான கேள்வி. இதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், ஆறேழு வருடமாக உங்கள் எல்லோரிடமும் சொல்லிவந்த ஒரு பொய்யை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 பொங்கலுக்கு முன்னால் நான் இரண்டு மாதம் நொண்டிக்கொண்டு நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். டிவிஎஸ் ஃபிஃப்டியில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். நாயும் வரவில்லை, நான் வண்டியிலிருந்து விழவும் இல்லை. மரம் அறுக்கும் மெஷின் என் இடது தொடையில் இறங்கியது. 19 தையல்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளை என்ன செய்தது என்று வெளியூரில் இருந்தவர்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அப்பா வைத்த 62 தென்னையில் எனக்கு நின்றது 17. மற்றதெல்லாம் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் மரம் அறுக்க ஆள் வேண்டும். எங்கே கிடைப்பார்கள்? வந்தவர்கள் கேட்ட கூலி எனக்கு அதிகமாகத் தெரிந்தது. "நாமே அறுத்தால் என்ன" என்று ஒரு கடையில் போய்ப் பெரியதாகப் பார்த்து ஒரு மெஷின் வாங்கினேன். "சின்னது எடுத்தா சார், நாளைக்கே பெருசு கேட்டு வருவீங்க" என்றார் கடைக்காரர். முப்பது வருடம் பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவன், எடையைக் கூடக் கேட்காமல் பணத்தைக் கட்டினேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பார், செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து அது ஏழு கிலோவுக்கு மேல். நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் போகும் நேரம். "இது ஒண்ணுதான், முடிச்சிட்டுப் போயிடலாம்" என்று கடைசித் துண்டை அறுத்தேன். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தேன், காலில் ரப்பர் செருப்பு. மரம் அறுந்து விழுந்ததும் அதுவரை மெஷினைத் தாங்கிக்கொண்டிருந்த மரம் இல்லை. மொத்த எடையும் என் கையில். கை ஏற்கெனவே சோர்ந்துபோயிருந்தது. மெஷின் ஊசல் மாதிரி கீழே ஆடி என் காலுக்கு வந்தது. விசையை விட்டுவிட்டேன்தான். ஆனால் விசையை விட்ட அதே கணத்தில் செயின் நிற்காது. நிலைமம் என்று உங்களுக்கு எத்தனை முறை போர்டில் எழுதிப்போட்டிருப்பேன்!

பக்கத்துத் தோப்பில் நின்ற 2006 பத்தாம் வகுப்பு செட் பையன்தான் ஓடிவந்தான். கழுத்தில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கையை எடுக்கவில்லை. "அழுத்திப் பிடிக்கணும், எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் முதலுதவி வகுப்புல சொன்னீங்க" என்றான். ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இன்றுவரை அவன் வாய் திறக்கவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன், தம்பி. இனி நீ சுதந்திரமாகப் பேசலாம்.

வெட்கத்தில் மறைத்தேன் என்பதுதான் உண்மை. ஆனால் நான் மறைத்ததால்தான் தங்கை மகன் "நீங்களும் வெச்சிருந்தீங்களே" என்று அதே மெஷினைத் தேடிப் போகிறான். அதனால்தான் இந்தப் பதிவு.

என் கருத்து இதுதான்: வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் மெஷின், உங்கள் வேலைக்குப் போதுமானவற்றிலேயே மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பெரியதற்குக் கொடுக்க நினைத்த மிச்சப் பணத்தை உடம்பைக் காப்பதற்குச் செலவு செய்யுங்கள். சிறிய மெஷினால் முடியாத மரம் உங்கள் மரமே இல்லை. அது தொழில் தெரிந்தவரின் மரம்.

ஏன் என்று சொல்கிறேன்.

மெஷின் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வருடத்தில் எத்தனை நாள் வேலை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மா, ஒரு முருங்கை வைத்திருப்பவர்களுக்குக் கிளை கழிக்கும் வேலை வருடத்தில் இரண்டு நாள் இருந்தால் அதிகம். கை மொத்தமுள்ள கிளைக்கு ஒரு நல்ல வளைந்த கைரம்பமும், உயரத்துக்குத் தொரட்டியும் போதும். இழுக்கும்போது அறுக்கும் பல் வைத்த மடக்கு ரம்பம் இப்போது ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கிறது. முருங்கையெல்லாம் அதற்கு வெண்ணெய். உங்களில் பாதிப் பேருக்கு என் பதில் இதோடு முடிந்தது. மெஷினே வேண்டாம்.

இரண்டாவது, அறுக்கப்போகும் மரம் எவ்வளவு மொத்தம்? பார் நீளம் மரத்தின் விட்டத்தைவிட இரண்டு இன்ச் கூடுதலாக இருந்தால் போதும். வீட்டு மரங்களின் கிளை ஆறு, எட்டு இன்ச்சைத் தாண்டுவது அபூர்வம். அதற்கு 10 அல்லது 12 இன்ச் பார் தாராளம். தென்னைத் தூரை விட்டுவிட்டால் நடுமரத்துக்கு 14 இன்ச் போதும். 22 இன்ச் பார் எதற்கு? நீளம் கூடக் கூட முனை உங்கள் கண்ணைவிட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும். இந்த மெஷினில் அபாயமே அந்த முனைதான்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாரின் முனையில் மேல் கால்வட்டம் இருக்கிறதே, அங்கே செயின் முன்னோக்கிப் போய்க் கீழே திரும்பும். அந்த இடம் வேறொரு கட்டையிலோ கிளையிலோ பட்டால் பல் கடித்து நின்றுவிடும். ஆனால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். செயினுக்குப் போக வழியில்லாததால் பார் மேலேயும் பின்னேயும் எகிறும். எகிறும் திசையில் இருப்பது உங்கள் முகமும் கழுத்தும். பெட்ரோல் மெஷினில் செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும். 14 இன்ச் பாரில் போட்டிருக்கும் செயின் மொத்தமே ஏறத்தாழ ஒரு மீட்டர். அதாவது ஒரு நொடியில் 20 சுற்று. ஆபத்து என்று கண் பார்த்து, கை அசைய 0.2 நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் அதற்குள் 4 மீட்டர் செயின் ஓடியிருக்கும். "நான் கவனமா இருப்பேன் சார்" என்பதெல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது சிசி இல்லை, செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு கைக்காப்பு நிற்கும். அது வெறும் தடுப்பு இல்லை. மெஷின் எகிறும்போது உங்கள் மணிக்கட்டு அதில் பட்டாலோ, எகிறும் வேகத்தில் அதுவே முன்னால் சாய்ந்தாலோ செயின் நின்றுவிடும். மெஷின் ஓடாமல் இருக்கும்போது கைக்காப்பை முன்னால் தள்ளிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு செயினை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. அசைந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, பின்கைப்பிடியின் மேல்பக்கக் கட்டையை அழுத்தாமல் விசை வேலை செய்யக் கூடாது. மூன்றாவது, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசையை விட்டு இன்ஜின் மெதுவாக ஓடும்போது செயின் சுற்றக் கூடாது. நான்காவது சோதனையைக் கடைக்காரர் ரசிக்க மாட்டார். இரண்டு கையாலும் பிடித்து முழங்கால் உயரத்தில் இரண்டு நிமிடம் அப்படியே நில்லுங்கள். கை நடுங்குகிறதா? அது உங்கள் மெஷின் இல்லை.

இனி எந்த வகை என்ற கேள்வி.

கரண்டில் ஓடுவது: வீட்டைச் சுற்றி மட்டும் வேலை என்றால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். விலை குறைவு, கார்புரேட்டர் தொல்லை இல்லை, விசையை விட்டால் சத்தமும் நின்றுவிடும். 2000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். சீரியல் பல்புக்கு வாங்கிய ஒயரை எக்ஸ்டென்ஷனாகப் போடாதீர்கள். தூரம் அதிகமென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்குங்கள். மெல்லிய ஒயர் சூடாகும், வோல்டேஜ் விழும், மோட்டார் கருகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் முதலில் அதை வையுங்கள். ஈரத்தில் தொடவே கூடாது. ஒயர் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பேட்டரி: வயதானவர்களுக்கும் அப்பார்ட்மென்ட்காரர்களுக்கும் வசதி. ஆனால் விளம்பரத்தைப் பார்க்காமல் கணக்கைப் பாருங்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 144 வாட் மணி. ஒரு கிலோவாட் இழுக்கும் மோட்டாரை அது ஒன்பது நிமிடத்துக்குக் கிட்டத்தான் தொடர்ந்து ஓட்டும். விட்டு விட்டு அறுப்பதால் கிளை கழிக்க அது போதும், தோப்புக்குப் போதாது. ஒரு கையில் பிடிக்கும் 4 இன்ச், 6 இன்ச் குட்டி மெஷின்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் பலவற்றுக்குச் செயின் பிரேக் கிடையாது. சிறியதாக இருப்பதால் பொம்மை என்று நினைத்து, இன்னொரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுக்கிறார்கள். அந்த இன்னொரு கைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

பெட்ரோல்: "புயல் வந்தா கரண்ட் எங்க சார் இருக்கும்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவன் நான். தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பெட்ரோல் தேவைதான். ஆனால் அப்போதும் 30 முதல் 35 சிசிக்குள், 14 இன்ச் பாரோடு பாருங்கள். ஸ்டில் போன்ற பழைய கம்பெனிகளே வீட்டு உபயோகத்துக்கென்று இந்த அளவில் மெஷின் விற்கின்றன. எந்தக் கம்பெனியானாலும் சரி, செயினும் பாரும் பிளக்கும் உங்கள் பக்கத்து டவுனில் கிடைக்கிறதா, பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அளவு, பக்கத்துவீட்டுக்காரர் சொல்வது இல்லை. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் அப்படியே விட்டு ஆறு மாதம் கழித்துக் கயிற்றை இழுத்தால் தோள்தான் வலிக்கும். வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். செயினுக்குத் தனி ஆயில். வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றாதீர்கள், அதில் இரும்புத் துகள் இருக்கும்.

செயின் கூர்மையைப் பற்றி ஒரு சின்னக் கதை. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப் புழுவைப் பார்த்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துப் போவதைக் கவனித்துத்தான் இன்றைய செயின் பல்லை வடிவமைத்தார். உங்கள் மெஷினிலும் பாருங்கள், ஒரு பல் இடதுபக்கம், ஒரு பல் வலதுபக்கம் இருக்கும். கூராக இருந்தால் சீவல் சீவலாக விழும். மாவு மாதிரி விழுந்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மழுங்கினால் நாம் அழுத்துவோம், அழுத்தினால் சோர்வோம், சோர்ந்தால் என்ன ஆகும் என்று என் தொடை சொல்லும். சிறிய மெஷின்களில் வரும் தணிவான செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகத் தென்னை அறுப்பவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. தென்னைக்கு உள்ளே சோறுதான், வெளிவட்டம்தான் கல். மணல் வேறு ஒட்டியிருக்கும்.

இப்போது மிச்சப் பணம். கண்ணுக்கு வலை போட்ட ஹெல்மெட், அதிலேயே காதுமூடியும் இருக்கும். பெட்ரோல் மெஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது போனால் திரும்பி வராது. இரும்பு முனை வைத்த ஷூ. காலுக்கு மெஷின்காரர்கள் அணியும் தடுப்பு ஆடை. அதற்குள் இருக்கும் நீளமான இழைகள் செயினில் சுற்றிக்கொண்டு மெஷினையே நிறுத்திவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு வேகும்தான், மறுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். லுங்கி, கழுத்துத் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் கூடாது.

எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் இந்த ஐந்தையும் செய்யாதீர்கள். ஏணியில் நின்று அறுக்காதீர்கள். தோளுக்கு மேல் தூக்காதீர்கள். ஒரு கையால் பிடிக்காதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கரண்ட் கம்பி பக்கம் போன கிளையைத் தொடாதீர்கள், மின்வாரிய ஆபீசில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் எதுவும். இன்னொன்றும் உண்டு. பனைமரம் வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இலேயே அரசு அறிவித்துவிட்டது. உங்கள் நிலத்துப் பனைதானே என்று மெஷினை வைத்துவிடாதீர்கள்.

"அப்ப பெரிய மரம் விழுந்தா?" கூலி கொடுத்து ஆளைக் கூப்பிடுங்கள். அன்று எனக்கு அதிகமாகத் தெரிந்த கூலியை நான் ஆஸ்பத்திரியில் அதைப்போல மூன்று மடங்காகக் கட்டினேன். பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாய்ந்த மரம் சும்மா கிடப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது வளைத்துக் கட்டிய வில். எந்தப் பக்கம் நெரிபடுகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்க்காமல் வைத்தால் பார் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் கட்டை தெறிக்கும். வேரோடு சாய்ந்த தென்னையைத் தூருக்குப் பக்கத்தில் அறுத்ததும், பாரம் குறைந்த வேர்க்கட்டை மண்ணோடு சேர்ந்து மறுபடி நிமிர்ந்து குழிக்குள் உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குழியில் ஒரு பையன் நின்றிருந்தால்? அதையெல்லாம் ஒரு பார்வையிலேயே படிக்கிறவர்கள் மரம் அறுப்பவர்கள். அவர்களில் பலர் நம் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். திருப்புத்திறனுக்கு வரையறை எழுதத் தெரியாதவனுக்கு, கயிற்றை எங்கே கட்டினால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று துல்லியமாகத் தெரிகிறது. நான் அவர்களுக்குப் போட்ட மார்க்கை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர்களிடம் பேரம் பேசாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மெஷின் வாங்கிவிட்டால் சொந்தக்காரர்கள் இரவல் கேட்பார்கள். மறுத்தால் மனஸ்தாபம் வரும். வரட்டும். பணமாகக் கேட்டால் கொடுங்கள், கூலி ஆளுக்குப் பாதி நானே தருகிறேன் என்று கூடச் சொல்லுங்கள். மெஷினை மட்டும் கொடுக்காதீர்கள். மனஸ்தாபம் ஒரு கல்யாணத்தில் சரியாகிவிடும்.

என் பழைய மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்க மனம் வரவில்லை, இன்னொருவர் தொடைக்கு நான் ஏன் காரணமாக இருக்க வேண்டும்? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். இப்போது என்னிடம் இருப்பது 12 இன்ச் பார் வைத்த கரண்ட் மெஷின். போன வருடம் அதை எடுத்தது மொத்தம் மூன்று தடவை.

தங்கை மகனே, ஆஃபர் முடிந்துபோயிருக்கும். நல்லதாயிற்று. அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உன் கையாலேயே இதில் ஒரு கட்டை அறுத்துப் பார். அதற்குப் பிறகும் 58 சிசிதான் வேண்டுமென்றால், லுங்கியைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறேன்.

சந்தேகம் இருப்பவர்கள் கமெண்டில் கேளுங்கள். உங்களில் மரம் அறுக்கும் தொழிலில் இருப்பவர்கள் நான் எழுதியதில் தவறிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இந்தப் பாடத்தில் நீங்கள்தான் வாத்தியார்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்